மடிக்கணினியின் சார்ஜர் ஜாக்: நாமே பழுது பார்க்கலாமா?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி ஒருத்தி)

முன்னுரை

நம் கல்லூரி நூலகத்தின் சன்னலோரத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, சார்ஜர் கம்பிக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மாணவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கம்பி இம்மியளவு அசைந்தால் சிறு விளக்கு அணையும். மறுபடி திருகினால் எரியும். இரண்டு மாதங்கள் நானும் அப்படித்தான் அமர்ந்திருந்தேன். முதலில் நோட்டுப் புத்தகம். பிறகு மடித்த காகிதம். கடைசியில் ரப்பர் வளையம். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன.

அந்த மடிக்கணினி என் அம்மா ஏலச்சீட்டு எடுத்து வாங்கித் தந்தது. என் ஆய்வுத்திட்ட அறிக்கை முழுவதும் அதில்தான் இருந்தது. ஒப்படைக்க மூன்று வாரங்களே இருந்தன. கடையில் கேட்டேன், ரூ. 1,200 என்றார்கள். ஜாக்கின் விலையோ ரூ. 250தான். 'இயற்பியல் படிக்கிறோம், சோதனைச்சாலையில் சால்டரிங் செய்திருக்கிறோம், நாமே மாற்றினால் என்ன?' என்ற எண்ணம் எழுந்தது. அந்த எண்ணம் சரியா தவறா என்று முடிவு செய்ய நான் மேற்கொண்ட ஆராய்ச்சியே இக்கட்டுரை.

ஜாக்கில் நடப்பது என்ன?

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அடாப்டர் அதனை 19 அல்லது 19.5 வோல்ட் நேர்திசை மின்சாரமாக்கித் தருகிறது. என் அடாப்டரின் முதுகில் 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 65 வாட். இந்தத் திறன் முழுவதும் ஒரு சிறு உலோக ஊசியும் ஒரு வளைந்த தகடும் தொட்டுக்கொள்ளும் இடத்தின் வழியாகத்தான் கணினிக்குள் செல்ல வேண்டும். அந்த இடத்துக்குக் கடைத்தெருவில் டி.சி. ஜாக் என்று பெயர்.

ஜூல் 1841ஆம் ஆண்டு வெளியிட்ட விதி நமக்கு முதலாண்டுப் பாடம். வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். நல்ல ஜாக்கில் தொடுமிடத்தின் தடை 0.03 ஓம் என்று கொள்வோம். 3.33இன் இருமடி ஏறத்தாழ 11.1. அதை 0.03ஆல் பெருக்கினால் 0.33 வாட். அந்த வெப்பம் கைக்குத் தெரியாது. தகடு தளர்ந்து தடை 0.5 ஓம் ஆகிவிட்டால், அதே மின்னோட்டத்தில் 5.5 வாட் வெப்பம் பட்டாணி அளவான இடத்தில் தோன்றும். நம் சோதனைச்சாலையின் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிளாஸ்டிக்கால் சூழப்பட்ட ஓர் ஊசியில் எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் ஒரு தீய சுழற்சியும் உண்டு. தளர்வால் சூடு; சூட்டால் உலோகத்தின் மேல் ஆக்சைடு படலம்; படலத்தால் மேலும் தடை; தடையால் மேலும் சூடு. ஊசியை ஆட்டும்போது தோன்றும் பொறி அந்த இடத்தை இன்னும் கருக்குகிறது. ஆகவே 'தேர்வு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போடுவதும் ஒரு முடிவே. அதற்கும் விலை உண்டு.

முதற்கேள்வி: பழுது ஜாக்கில்தானா?

சார்ஜ் ஏறவில்லை என்றதும் ஜாக்கைக் குற்றம் சாட்டுவது, காய்ச்சல் என்றதும் மலேரியா என்று சொல்வதைப் போன்றது. திருகாணியைத் தொடாமலே செய்யக்கூடிய சோதனைகள் சில உள்ளன.

ஒன்று: வேறொரு சுவர்ப் பிளக்கில் செருகிப் பார்க்க வேண்டும். அடாப்டரின் விளக்கு எரிந்துகொண்டிருந்து, கணினியில் செருகியவுடன் அணைந்தால், உள்ளே ஏதோ குறுக்குச்சுற்று ஏற்பட்டிருக்கலாம். மேலும் செருகிப் பார்த்தல் கூடாது.

இரண்டு: ஊசியின் தலையை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதையடுத்த கம்பியை மட்டும் மெல்ல வளைக்க வேண்டும். கணினியின் விளக்கு மினுக்கினால் குற்றம் கம்பியில். இனிக் கம்பியை அசையாமல் பிடித்து, ஊசியின் தலையை மட்டும் மெல்ல ஆட்ட வேண்டும். இப்போது மினுக்கினால் குற்றம் ஜாக்கில்.

மூன்று: மல்டிமீட்டரால் ஊசியின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே அளக்க வேண்டும். இரண்டையும் முனை ஒன்றாகத் தொட்டுவிடாமல் கவனம் தேவை. மேலே அச்சிட்ட வோல்ட் வந்தால் பாதி நம்பலாம், பாதிதான் நம்பலாம். உள்ளே ஒரே ஓர் இழை மிஞ்சியிருக்கும் கம்பிகூடச் சுமையில்லாதபோது சரியான வோல்ட்டைக் காட்டும். எனவே அதே வோல்ட், போதுமான ஆம்பியர், அதே ஊசி அளவு, அதே முனைத்திசை கொண்ட இன்னொரு அடாப்டரை இரவல் வாங்கிச் செருகிப் பார்ப்பதே உறுதியான சோதனை. டைப்-சி அடாப்டருக்கு மல்டிமீட்டர் முறை பொருந்தாது. எதிரே கணினி இருப்பதை அறியும்வரை பொதுவாக அது மின்னழுத்தம் தராது.

நான்கு: செருகியிருக்கும்போது கணினி இயங்குகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை என்றால், ஜாக்கைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. பேட்டரி தேய்ந்திருக்கலாம். சில அடாப்டர்களில் நடுவே மெல்லிய மூன்றாவது ஊசி ஒன்று இருக்கும். 'நான் இன்ன வாட் அடாப்டர்' என்று கணினிக்கு அறிவிப்பது அதன் வேலை. அந்தத் தொடர்பு அறுந்தாலும் பேட்டரி ஏறாது.

ஐந்து: டைப்-சி துளையானால், கணினியை அணைத்து, பல்குத்தும் மரக்குச்சியால் உள்ளே அடைந்துள்ள பஞ்சையும் தூசியையும் மெல்ல எடுத்துப் பார்க்க வேண்டும். பையில் கிடக்கும் கணினிகளுக்குப் பல நேரங்களில் இதுவே போதும்.

எனக்கு இரண்டாவது சோதனையிலேயே விடை கிடைத்தது. குற்றம் ஜாக்கில்தான்.

இரண்டாங்கேள்வி: ஜாக் எவ்வகை?

முடிவின் பெரும்பகுதி இந்தக் கேள்வியில் அடங்கியுள்ளது. ஜாக்குகள் மூன்று வகை.

முதல்வகை, கம்பியில் தொங்குவது. ஜாக் தனியாகச் சட்டத்தில் பொருத்தப்பட்டு, அதிலிருந்து புறப்படும் குட்டையான கம்பி ஒரு பிளாஸ்டிக் கொண்டையில் முடியும். அந்தக் கொண்டை மதர்போர்டில் செருகப்பட்டிருக்கும். சூடு தேவையில்லை. பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. இவ்வகையை ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம்.

இரண்டாம்வகை, மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. இங்கேதான் இடர். மதர்போர்டு என்பது ஒரே தகடன்று. பல செப்பு அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய பலகை. ஜாக்கின் தரைமுனைக் கால்கள் அகன்ற செப்புப் பரப்புகளோடு இணைந்திருக்கும். நாம் தரும் சூட்டை அந்தச் செப்பு உறிஞ்சிப் பலகை முழுவதும் பரப்பிவிடும். பழைய ஈயக் கலவை, அதாவது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது, 183 டிகிரி செல்சியசில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை 1 முதல் இத்தகைய கருவிகளில் காரீயத்துக்குத் தடை விதித்த பிறகு, காரீயமற்ற கலவைகளே பரவலாயின. அவை உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். 25 வாட் அயர்னை ஊன்றிக்கொண்டே இருந்தால் கலவை உருகாது, பலகைதான் வெந்துபோகும். பொறுமையிழந்து இழுத்தால் காலோடு சேர்ந்து துளையின் உட்பக்கச் செப்புப் பூச்சும் வந்துவிடும். அந்தப் பூச்சுதான் அடுக்குகளை இணைக்கும் வழி. அது போனால் பலகைக்கே ஆபத்து.

மூன்றாம்வகை, டைப்-சி. முழுமையான டைப்-சி துளையில் 24 தொடுமுனைகள் உள்ளன. அவை அரை மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்தவை. சில கணினிகளில் இத்துளை ஒரு சிறு துணைப்பலகையில் இருக்கும். அந்தப் பலகையையே மாற்றிவிடலாம். மதர்போர்டிலேயே இருந்தால் வெப்பக்காற்றுக் கருவியும் உருப்பெருக்கியும் பழகிய கையும் வேண்டும். 2026 ஏப்ரல் 28 முதல் தன் சந்தைக்கு வரும் புதிய மடிக்கணினிகளுக்கு டைப்-சி வழி மின்னேற்றம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருப்பதால், இவ்வகையே இனிப் பெருகும். பொது அடாப்டர் கிடைப்பது நன்மை. வீட்டில் பழுது பார்ப்பது கடினமாவது அதன் மறுபக்கம்.

எவ்வகை என்பதைத் திறக்காமலே பெரும்பாலும் அறியலாம். கணினியின் அடியில் உள்ள மாதிரி எண்ணைக் கொண்டு உதிரிபாகக் கடையில் கேட்டால், ஜாக் கம்பியோடு வருகிறதா, கால்களோடு வருகிறதா என்று சொல்லிவிடுவார்கள். என் கணினியினுடையது கால்களோடு வருவது. இரண்டாம்வகை.

மூன்றாங்கேள்வி: என் கை எத்தகையது?

எங்கள் பேராசிரியரிடம் சென்று, "சார், சோதனைச்சாலையிலேயே மாற்றிவிடட்டுமா?" என்று கேட்டேன். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து, கழித்துப்போட்ட இரண்டு பழைய கணினிப் பலகைகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதில் இதே மாதிரி தடித்த கால் உள்ள இணைப்பிகள் இருக்கின்றன. ஐந்தைக் கழற்று. துளை கெடாமல் எத்தனை வந்தது என்று எண்ணி வந்து சொல். அப்புறம் பேசுவோம்," என்றார்.

இரண்டு மாலைப்பொழுதுகள் அதில் கழிந்தன. 25 வாட் அயர்ன் தரைமுனையில் தோற்றுப்போனது. 60 வாட் அயர்னைக் கொண்டு ஐந்தையும் கழற்றினேன். மூன்று தூய்மையாக வந்தன. இரண்டில் செப்பு வளையம் பெயர்ந்து கையோடு வந்தது. ஐந்துக்கு இரண்டு தோல்வி. நான் எண்ணியிருந்ததோ பத்துக்கு ஒன்று!

நான்காங்கேள்வி: தோற்றால் என்ன போகும்?

இங்கே ஓர் எளிய கணக்குப் போட்டேன். கடைக்குக் கொடுத்தால் செலவு ரூ. 1,200. நானே செய்தால் ஜாக் ரூ. 250. நான் மிச்சப்படுத்த நினைப்பது ரூ. 950. பலகை கெட்டுவிட்டால் மாற்றுப்பலகைக்கு எனக்குச் சொன்ன விலை ரூ. 12,000. 950ஐ 12,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.08. அதாவது பன்னிரண்டு முறைக்கு ஒருமுறைக்கு மேல் நான் தோற்பேனானால், நானே செய்வது நட்டம். என் கணக்கோ ஐந்துக்கு இரண்டு. பேராசிரியர் ஒரு சொல்லும் சொல்லாமல் எனக்கு விடை சொல்லிவிட்டார்.

இதே கணக்கை முதல்வகை ஜாக்குக்குப் போட்டால் விடை தலைகீழாகும். என் விடுதித் தோழியின் கணினியில் இருந்தது கம்பி ஜாக். அதன் விலை ரூ. 350. கடையில் கேட்டது ரூ. 800. மிச்சம் ரூ. 450. தவறினால் பெரும்பாலும் இன்னொரு ஜாக்குதான் வாங்க வேண்டும். ஆகவே அதை நாங்களே மாற்றினோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடிவில் ஒரு திருகாணி மிஞ்சியது. மறுபடி திறந்து அதன் இடத்தைத் தேடினோம். அன்றுமுதல் திருகாணிகளைக் கழற்றும்போதே ஒரு தாளில் கணினியின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டி வைக்கிறோம். நீளமான திருகாணியைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் பலகையைத் துளைத்துவிடும்.

பணத்தால் அளக்க முடியாத இழப்பும் உண்டு. என் அறிக்கை அந்தக் கணினியில் மட்டுமே இருந்தது. "கெட்டுப் போச்சுன்னா இன்னொரு சீட்டு எடுக்க எனக்குத் தெம்பு இல்லைம்மா," என்று அம்மா தொலைபேசியில் சொன்னபோதுதான், நான் கணக்கில் சேர்க்க மறந்தவை எவ்வளவு என்று தெரிந்தது. பேட்டரியில் அப்போது நாற்பது விழுக்காடு மிஞ்சியிருந்தது. அதைக் கடைசிக் குடம் தண்ணீர் போல எண்ணி, படம் பார்க்காமல், பாட்டுக் கேட்காமல், அறிக்கையையும் அளவீடுகளையும் பென்டிரைவில் நகலெடுத்தேன். ஜாக் ஆடத் தொடங்கிய நாளிலேயே எவரும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். சேமிப்பகத்தைக் கழற்றி வேறு கணினியில் படிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அது பிட்லாக்கர் போன்ற பூட்டில் இருந்தால் மீட்புக் குறியீடு வேண்டும். அதையும் குறித்து வைத்தல் நலம்.

கணினி உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால், திறக்குமுன் அதன் விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். நுகர்வோர் பழுதுபார்ப்பு, உதிரிபாகங்கள் பற்றிய விவரங்களைப் பெறுவதற்காக நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 திசம்பரில் ஒரு தனி இணையவாயிலைத் தொடங்கியது. அதையும் பார்க்கலாம்.

எல்லைக்கோடுகள்

யார் செய்தாலும் கடக்கக்கூடாத கோடுகள் சில உள்ளன. கணினியைத் திறந்ததும் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவதே முதல் வேலை. மூன்று அறைகளைத் தொடராக இணைத்த லித்தியம்-அயனி பேட்டரி 11.1 வோல்ட்தான். உடம்பில் அதிர்ச்சி தராது. ஆனால் ஒரு திருகாணி தவறி விழுந்து குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பேரளவு மின்னோட்டம் பாயும். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாமல், குத்தாமல், அப்படியே நிறுத்திவிட்டுப் பழகியவரிடம் சேர்க்க வேண்டும். அடாப்டரை எக்காரணத்தாலும் உடைத்துத் திறக்கக்கூடாது. 230 வோல்ட்டின் உச்சமதிப்பு 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது உள்ளிருக்கும் மின்தேக்கியில் சிறிது நேரம் தங்கியிருக்கலாம். பலகையைத் தொடுமுன் ஏதேனும் நிலத்தொடர்புள்ள உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும்.

நான் செய்ததும் கண்டதும்

ஆகவே நான் பாதி வேலையை மட்டும் செய்தேன். கணினியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, மதர்போர்டை வெளியே எடுத்து, உருப்பெருக்கியால் பார்த்தேன். ஜாக்கின் ஒரு காலைச் சுற்றி மயிரிழை போன்ற வட்டமான விரிசல் தெரிந்தது. பலகையைத் துணியில் சுற்றிப் பேருந்து நிலையத்தருகே பழுதுபார்க்கும் அண்ணனிடம் எடுத்துச் சென்றேன்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேட்டேன். முதலில் அவர் பழைய காரீய ஈயத்தை ஒவ்வொரு காலிலும் புதிதாக உருக்கிச் சேர்த்தார். "எதுக்கு அண்ணே, எடுக்கப்போற இடத்துல இன்னும் ஈயம் வைக்கிறீங்க?" என்றேன். "அதோட கலந்தா இது சீக்கிரம் இளகும் தங்கச்சி," என்றார். கலவையின் உருகுநிலை தாழ்வதை நாம் வரைபடமாகப் படித்தோம். அவர் விரல் நுனியில் வைத்திருந்தார். பிறகு அடியிலிருந்து வெப்பக்காற்றால் பலகை முழுவதையும் மிதமாகச் சூடாக்கினார். செப்பு சூட்டை உறிஞ்சும் குறை அதனால் நீங்கியது. ஜாக் தானாக நழுவி வந்தது. செப்புப் பின்னலால் துளைகளைத் துடைத்துப் புதியதை வைத்தார். இருபது நிமிடங்கள்தான்.

"நோண்டிப் பார்த்துட்டுக் கொண்டாருவாங்க, அதுதான் பெரும்பாடு. நீ கை வைக்காமக் கொண்டாந்திருக்க," என்று சொல்லி, ரூ. 1,200க்குப் பதில் ரூ. 1,000 வாங்கிக்கொண்டார்.

விடுதிக்கு வந்து பொருத்தினேன். ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறிய பின் ஜாக்கைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புகூட இல்லை.

முடிவுரை

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஜாக்கை நாமே பழுது பார்க்கலாமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கிடையாது. பழுது எங்கே, ஜாக் எவ்வகை, கை எத்தகையது, தோற்றால் போவது என்ன என்ற நான்கையும் வரிசையாகக் கேட்டால் விடை தானே வரும். கம்பி ஜாக்கானால் துணிந்து செய்யலாம். பலகையில் பதிந்ததானால் பழைய பலகையில் பழகி, தன் தோல்விகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தொட வேண்டும்.

கடைக்காரரிடம் கொடுத்தது எனக்குத் தோல்வியாகத் தோன்றவில்லை. சோதனைகளைச் செய்ததும், திறந்ததும், விரிசலைக் கண்டதும் நான்; ஒட்டியவர் மட்டுமே அவர். அறிக்கையைக் குறித்த நாளில் ஒப்படைத்தேன். பேராசிரியர் கொடுத்த பழைய பலகைகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. அவற்றில் எஞ்சிய இணைப்பிகளை ஞாயிறுதோறும் கழற்றிப் பழகுகிறேன். வெப்பக்காற்று இல்லாமலே, புதிய ஈயம் சேர்க்கும் முறையில், கடைசி ஒன்பதில் ஒன்றுதான் கெட்டது. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவை இன்னும் எட்டவில்லை. எட்டும்வரை பிறர் கணினியைத் தொடுவதாக இல்லை.